பிள்ளையைத் தாஸ்காவில் விடக் கார் தேவைப்படக் கூடாது: எங்கள் நிலைப்பாடு

பினாங்குத் தீவில் கார் இல்லாத குடும்பமும் தன் கைக்குழந்தையைத் தாஸ்கா எனப்படும் பராமரிப்பு மையத்தில் விட்டுவிட்டு நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர முடிய வேண்டும். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு தாஸ்கா இருக்க வேண்டும். அது முடியாத இடங்களில், மாறி ஏறாமல் ஒரே பேருந்தில் போய்ச் சேரும்படி இருக்க வேண்டும். பள்ளிக்கும் சந்தைக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் நிலம் ஒதுக்குகிறவர்கள் தாஸ்காவுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். ஜோர்ஜ் டவுனிலும் அதைச் சுற்றியும் வாழும் பெற்றோர்களும், பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்காமார்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பு மாநில அரசிடமும் மாநகர் மன்றத்திடமும் முதலாளிகளிடமும் வைக்கும் கோரிக்கை இதுதான்.

இந்த மாநிலத்தில் மக்களைவிட வாகனங்கள் அதிகம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பினாங்கில் இருந்தவர்கள் ஏறத்தாழ 17 லட்சத்து 40 ஆயிரம் பேர். பதிவான வாகனங்களின் எண்ணிக்கை அதைத் தாண்டிவிட்டது. இதைக் கேட்பவர்கள் எல்லார் வீட்டிலும் வண்டி நிற்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒரு வீட்டில் இருப்பது ஒரே ஒரு கப்ச்சாய் மோட்டார் சைக்கிள், அதையும் அப்பா விடியும் முன்னே எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார் என்றால், மிஞ்சி நிற்கும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் வண்டி இல்லை. எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர்கள் வண்டியில்லாதவர்களாக எண்ணப்படுவதில்லை.

அந்த அம்மாவுக்கு வீடு ஆயர் ஈத்தாமில், வேலை பாயான் லெப்பாஸில், தாஸ்காவில் இடம் கிடைத்தது குளுகோரில் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு மட்டும் போகிறவருக்கு இது ஒரு பயணம். அவருக்கோ இது இரண்டு பயணம், மாலையில் மறுபடியும் இரண்டு. தூக்கம் கலையாத குழந்தை ஒரு தோளில், பால் புட்டியும் மாற்றுத் துணியும் நிறைந்த பை மறு தோளில். நடுவழியில் இறங்கி, சாலையைக் கடந்து, தாஸ்காவுக்கு நடந்து, திரும்பி வந்து அடுத்த பேருந்துக்கு நிற்க வேண்டும். நம் பேருந்துத் தடங்களில் பெரும்பாலானவை ஜோர்ஜ் டவுனின் படகுத்துறையையும் கொம்தார் கோபுரத்தையும் மையமாக வைத்துப் போடப்பட்டவை. ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்கி நேரே வேலைக்குப் போகும் ஆளை நினைத்துப் போட்ட தடங்கள் அவை. நடுவில் பிள்ளையை விட வேண்டிய ஆள் அந்த நினைப்பில் இல்லை. ஒரு பேருந்து தவறினால் வேலையிடத்தில் தாமதம், மாலையில் தவறினால் தாஸ்காவில் தாமதக் கட்டணம். மழை பெய்கிற காலையில் செயலியில் வண்டி அழைத்தால் வழக்கமான கட்டணம் எங்கேயோ ஏறிப் போயிருக்கும். இப்படிச் சில மாதம் ஓடிய பிறகு, சம்பளத்தில் மிஞ்சுவது இவ்வளவுதானா என்று கணக்குப் பார்த்து வேலையை விட்டவர்கள் எங்கள் உறுப்பினர்களிலேயே இருக்கிறார்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் வேலையை விடுவது அம்மாதான். மலேசியாவில் வேலைச் சந்தையில் இருக்கும் ஆண்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல், பெண்கள் 56 விழுக்காடு அளவில்தான். இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல உண்டு. பிள்ளையை எங்கே விடுவது, எப்படிக் கொண்டுபோய் விடுவது என்பது அவற்றில் முக்கியமான ஒன்று.

மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். இந்த நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிளோட்டிகளுடையவையும் பின்னால் அமர்ந்து வருபவர்களுடையவையும். அந்த வண்டியில் இரண்டு வயதுப் பிள்ளையை முன்னால் பிரம்பு இருக்கையில் வைத்தோ, சாரோங்கால் முதுகோடு கட்டிக்கொண்டோ போவது ஆபத்து. நாங்கள் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அப்படிப் போகிறவர்களைப் படம் பிடித்துச் சமூக ஊடகத்தில் ஏசுவதை முற்றாக மறுக்கிறோம். 2020 சனவரி 1 முதல் தனியார் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம் என்று அரசு சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். கார் உள்ள வீட்டுப் பிள்ளையின் உயிரைப் பற்றி அரசு யோசித்திருக்கிறது. கார் இல்லாத வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் அதே அக்கறையோடு யோசிக்க வேண்டும். இந்தியா 2022இல் விதியைத் திருத்தி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் தலைக்கவசம், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கியது. இங்கும் அப்படி ஒரு விதியை நாங்கள் ஏற்போம், மாற்று வழியும் கூடவே வருமானால். வேறு வழி கொடுக்காமல் அபராதம் மட்டும் விதித்தால் அது ஏழைப் பெற்றோரின் தலையில்தான் விழும்.

நம் பாட்டிமார்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. ரப்பர் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை லயத்து வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இருட்டோடு எழுந்து, தூளிப் பிள்ளையை ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் பெரட்டு எனும் காலை ஆளெடுப்புக்கு ஓடிய தாய்மார்கள் சில நூறு அடிதான் நடந்தார்கள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா இருந்தது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெண் தொழிலாளர் ஐம்பது பேருக்கு மேல் உள்ள தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. மலேசியாவில் தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் தோட்டத்துக் காப்பகம் பற்றிய பேச்சு உண்டு. அந்தக் கொட்டகைகளை நாங்கள் போற்றிப் பாட வரவில்லை. ஒரே ஆயா அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட, ஈ மொய்த்த இடங்கள் அவற்றில் பல. தாயின் உழைப்பு ஒரு நாளும் தடைபடக் கூடாது என்பதற்காகத்தான் நிர்வாகம் அதைக் கட்டியது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றைத் தோட்ட நிர்வாகம் சரியாகப் புரிந்துவைத்திருந்தது: பிள்ளையை விடும் இடம் தாய் நடந்து போகும் தூரத்தில் இருந்தால்தான் தாய் வேலைக்கு வருவாள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சனங்கள் அடுக்குமாடிகளுக்கும் 1972இல் எழுந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கும் வந்து சேர்ந்தார்கள். ஆயாக்கொட்டகை மட்டும் கூட வரவில்லை. அந்தப் பொறுப்பு முதலாளியின் கையிலிருந்து நழுவி, அரசின் கையிலும் சேராமல், தாயின் தோளில் இறங்கிவிட்டது.

தாஸ்கா வேலையிடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் பலர். முதலாளிகளுக்கு வரிச் சலுகை கொடுத்து அதை ஊக்குவிக்க வேண்டும் என்பதே நாட்டின் பொதுக் கருத்தாகவும் இருக்கிறது. பாலூட்டும் தாய்க்கு அது வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பொதுக் கொள்கையாக எடுத்துக்கொண்டால், வீட்டுக்கு அருகில் உள்ள தாஸ்காவுக்கே நாங்கள் முன்னுரிமை கேட்கிறோம். வேலையிடத்துத் தாஸ்காவுக்குப் பிள்ளையும் அம்மாவோடு ஒரு மணி நேரம் பேருந்தில் குலுங்கிப் போக வேண்டும். அம்மா வேலை மாறினால் பிள்ளையின் இடமும் போய்விடும். அப்பாவோ பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ போய் அழைத்து வர முடியாது. பெரிய தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமே அது எட்டும். லிட்டில் இந்தியாவில் துணிக்கடையில் நிற்பவருக்கும், மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்பவருக்கும், உணவுக்கடையில் பாத்திரம் கழுவுபவருக்கும் யார் தாஸ்கா கட்டிக் கொடுப்பார்கள்?

வீட்டுக்கு அருகில் இடம் எங்கே என்று கேட்கலாம். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகளில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. ஒரு சிற்றூருக்குச் சமமான மக்கள் அங்கே செங்குத்தாக வாழ்கிறார்கள். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் பராமரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. மின்தூக்கியில் இறங்கினால் பிள்ளையை விட்டுவிடலாம். தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் தெருவுக்குள்ளும் ஊருக்குள்ளுமே இருக்கின்றன. பால்வாடிக்குப் பிள்ளையை விட அங்கே யாரும் வண்டி தேடுவதில்லை. அந்த மையங்களின் வேலை நேரமும் வசதியும் வேலைக்குப் போகும் தாய்க்குப் போதாது என்பது உண்மை, ஆனால் தூரம் அங்கே தடையாக இல்லை. பினாங்கில் இனிக் கட்டப்படும் ஒவ்வொரு மலிவு விலைக் குடியிருப்பிலும் கீழ்த்தளத்தில் தாஸ்காவுக்கு இடம் விடுவதை மாநகர் மன்றம் கட்டட அனுமதியின் நிபந்தனையாக வைக்க வேண்டும். பழைய குடியிருப்புகளில் பூட்டிக் கிடக்கும் கடைகளையும் மண்டபங்களையும் குறைந்த வாடகைக்குச் சமூகத் தாஸ்காக்களுக்குத் தர வேண்டும்.

வரப்போகும் எல்ஆர்டி இலகு ரயிலில் இப்படி இடம் ஒதுக்குவது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முத்தியாரா எனப்படும் அந்த ரயில் தடத்துக்கு 2025 சனவரி 11இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம், 2031இல் ஓடத் தொடங்கும் என்பது திட்டம். தெற்கே கடலில் எழும் புதிய தீவிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை, ஜெலுத்தோங் வழியாகக் கொம்தாருக்கு வந்து, கடலைக் கடந்து பட்டர்வொர்த் போகப் போகிறது. நிலையங்களில் கடைகளுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் இடம் விடுவது வழக்கம். குடியிருப்புப் பகுதியிலுள்ள நிலையங்களில் ஒரு தாஸ்காவுக்கும் இடம் விடுங்கள் என்கிறோம். பிள்ளையை விட்டுவிட்டு அதே இடத்தில் ரயில் ஏறலாம், மாலையில் இறங்கியதும் அழைத்துக்கொள்ளலாம். கட்டி முடித்த பிறகு சுவரை இடித்து இடம் தேடுவதைவிட இப்போதே வரைபடத்தில் சேர்ப்பது மலிவு.

தாஸ்கா என்று இவ்வளவு நேரம் பேசினாலும், நம் பிள்ளைகள் பலரை உண்மையில் பார்த்துக்கொள்வது அதே அடுக்குமாடியில் இரண்டு மாடி தள்ளியிருக்கும் ஓர் அக்காதான். 1984ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளைச் சேர்ந்த நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகள் அல்லது அதற்கு மேல் கட்டணத்துக்குப் பார்த்துக்கொண்டால் சமூக நலத் துறையில் பதிய வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் வீட்டிலேயே நடத்தலாம். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதமும் உண்டு. விகிதம் நல்லது, அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டோம். ஆனால் பதிவதற்கான பயிற்சி, தீயணைப்புச் சான்று, படிவங்கள் என்று நீளும் வேலையில் பாதியில் கைவிட்டவர்கள் அதிகம். பராமரிப்புக் கட்டணத்துக்கு 3,000 ரிங்கிட் வரை கிடைக்கும் வருமான வரிக் கழிவும் பதிவுபெற்ற மையங்களுக்குத்தான். நடந்து போகும் தூரத்தில் ஏற்கனவே இருக்கும் இந்தப் பராமரிப்பைச் சட்டத்துக்குள் கொண்டுவர, ஒவ்வொரு பெரிய குடியிருப்பிலும் நலத் துறை அதிகாரி ஒருவர் நேரில் வந்து உட்கார்ந்து தமிழ், மலாய், சீன மொழிகளில் உதவ வேண்டும். பயிற்சிச் செலவை மாநில அரசு ஏற்க வேண்டும். எங்கள் கோரிக்கைகளிலேயே மிகக் குறைந்த பணத்தில் மிக விரைவில் செய்யக்கூடியது இதுதான்.

தாஸ்கா பக்கத்தில் வரும்வரை, பிள்ளை போகும் வழியைச் சீர்செய்ய வேண்டும். ஜோர்ஜ் டவுனின் அஞ்சடிகள், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதைகள், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்கத்தான் கட்டப்பட்டன. இன்று தள்ளுவண்டியோடு அஞ்சடியில் பத்துக் கடை தாண்ட முடியாது. கடைக்குக் கடை உயரம் மாறுகிறது, சரக்குப் பெட்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் மறிக்கின்றன, இறங்கினால் திறந்த சாக்கடை, அதற்கு அப்பால் ஓடும் வண்டிகள். அஞ்சடியை மறிப்பது 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி குற்றம். தாஸ்காக்கள், பாலர் பள்ளிகள் இருக்கும் தெருக்களிலிருந்து அமலாக்கத்தைத் தொடங்குங்கள். காலையில் ஒரு மூலையில் நாசி லெமாக் விற்கும் அம்மாவை விரட்டச் சொல்லவில்லை. ஒரு தள்ளுவண்டி போகும் அகலம் விட்டால் போதும்.

பேருந்து விடயத்தில் மாநகர் மன்றத்துக்கு முன்னனுபவம் இருக்கிறது. நகர மையத்தில் ஓடும் இலவச கேட் (CAT) பேருந்து, பயணக் கட்டணத்தைப் பொதுப் பணத்தில் ஏற்க முடியும் என்பதற்குக் கண்முன் நிற்கும் சான்று. பேருந்து நிறுவனமான ரேபிட் பினாங்கு இப்போது அழைத்தால் வரும் வேன் சேவையையும் தொடங்கியிருக்கிறது. அந்த வேன்களைக் காலையிலும் மாலையிலும் அடுக்குமாடிகளுக்கும் தாஸ்காக்களுக்கும் இடையே ஓட விட்டுப் பார்க்கலாம். பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த வண்டி ஏறுபவரிடம் இரண்டாம் முறை கட்டணம் வாங்கக் கூடாது.

தொழிற்சாலைகளிடமும் ஒரு சொல். நெடுங்காலமாக உங்கள் பேருந்துகள் தீவு முழுதும் சுற்றித் தொழிலாளரை ஏற்றி வருகின்றன. அந்தத் தடத்தில் ஒரு நிறுத்தத்தைத் தாஸ்கா வாசலுக்கு மாற்றுவது பெரிய செலவில்லை. 2023 சனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தை மாற்றிக் கேட்டுத் தொழிலாளர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இந்த உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர் அரை மணி நேரம் தள்ளி வரக் கேட்டால், அதை மறுக்க வலுவான காரணம் வேண்டும் என்று மனிதவள அமைச்சு வழிகாட்டி வெளியிட வேண்டும்.

தனியார் வேன்களை நம்பிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு நாங்கள் சொல்வது கண்டிப்பானது. உரிமம், இடைவார், ஓட்டுநரைத் தவிர இன்னொரு பெரியவர், இறக்கிய பிறகு பிள்ளைகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஆகிய நான்கும் இல்லாத வேனில் கைக்குழந்தையை ஏற்றாதீர்கள். வண்டிக்குள் மறந்து விடப்பட்ட பிள்ளைகள் இறந்த செய்தி இந்த நாட்டில் ஒன்றிரண்டு அல்ல.

உங்கள் வட்டாரத்து மாநகர் மன்ற உறுப்பினர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தாஸ்கா இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை பேருந்து மாற வேண்டியிருக்கிறது என்பதை நான்கு வரியில் எழுதி, தமிழிலோ மலாயிலோ அவருக்கு அனுப்புங்கள். எல்ஆர்டி நிலையங்களின் வரைபடங்கள் முடிவாவதற்குள் அந்தக் கடிதங்கள் போய்ச் சேர வேண்டும்.