அலாஸ்காவின் மீது ஒரு பழி

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. மணற்படுகையையே ஆறென்று பார்த்து வளர்ந்த எங்கள் மேல்விஷாரத்து மாணவர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று வெள்ளத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். அவர்களுள் ஒருவன், முதுகலை பயில்பவன், மறுநாள் என்னிடம், "இது இயற்கையான மழை இல்லை ஐயா, ஹார்ப் வேலை" என்றான். 2004 ஆழிப்பேரலைக்கும் இதையே காரணமாகச் சொன்னவர்கள் உண்டு. சிரித்துவிட்டு நகர மனம் வரவில்லை. நன்றாகப் படிக்கிற பையன்.

ஹார்ப் கற்பனையன்று. அலாஸ்காவில் ககோனா என்னும் ஊரருகே 180 ஆண்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன. அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் 2007இல் முழுமையடைந்த அந்நிலையம், 2015இல் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. 36 லட்சம் வாட் வரையிலான ஆற்றலைச் சிற்றலைகளாக மேலே செலுத்தி, அயனி மண்டலத்து எலெக்ட்ரான்களைச் சூடேற்றுகிறது. ராணுவம் கட்டியது என்பதாலேயே சந்தேகம் பிறந்தது. அதில் மக்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்படிச் சூடேற்ற முடியும் என்பது தற்செயலாகத் தெரியவந்த கதைதான் எனக்குப் பிடித்தது. 1933இல் ஹாலந்தில் டெலகன் என்பவர் சுவிட்சர்லாந்து வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பின்னணியில் லக்சம்பர்க் நிலையத்தின் நிகழ்ச்சி மெல்ல ஒலித்தது. இரண்டும் வெவ்வேறு அலைவரிசைகள். வலுமிக்க லக்சம்பர்க் அலை வழியிலிருந்த எலெக்ட்ரான்களைச் சூடாக்கியதால், அவ்வழியே சென்ற மற்ற அலை தேயும் அளவு மாறியது என்று பெய்லியும் மார்ட்டினும் அடுத்த ஆண்டே விளக்கினார்கள். ஒருவர் பாட்டு மற்றொருவர் குரலில் ஏறிக்கொண்டது. வதந்தி பரப்புவோர் இந்த அழகை ஏன் தவறவிடுகிறார்களோ!

சூடு என்றதும் அடுப்பை நினைத்துவிடக் கூடாது. அந்த உயரத்தில் காற்று மிக மெலிந்தது. ஹார்ப் அனுப்பும் ஆற்றல் அங்கே போய்ச் சேரும்போது சூரிய ஒளியில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். கருவியை நிறுத்தினால் எலெக்ட்ரான்கள் விரைவில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மழையோ பதினைந்து, பதினாறு கிலோமீட்டருக்குள் உருவாவது. ஹார்ப்பின் அலைகள் அந்த அடுக்கில் தங்காமல் கடந்து போகின்றன. ஆண்டெனாக் காட்டைப் பார்க்க அலாஸ்கா வரை போகவும் வேண்டாம். எங்களுக்கு வடக்கே, திருப்பதி அருகிலுள்ள காதங்கியில் 1024 ஆண்டெனாக்கள் கொண்ட ராடார் இருக்கிறது. அது எதையும் சூடேற்றுவதில்லை. மேலே வீசும் காற்றையும் அயனி மண்டலத்தின் கலக்கத்தையும் கவனிக்கிறது.

அந்த நவம்பரில் வங்கக் கடலில் தோன்றிய தாழ்வு மண்டலம் 19ஆம் தேதி சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மழைக்கு அது போதும். மழையை அனுப்புவோன் ஒருவன் வேண்டும் என்பது நம் பழைய மனப்பழக்கம். கோவர்த்தன மலைக் கதையில் இந்திரன், இப்போது அலாஸ்கா. இந்திரனுக்காவது கோபப்பட ஒரு காரணம் இருந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. தோல் ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மணலை அள்ளியவர்களும் கரையை ஆக்கிரமித்தவர்களும் நம்மிடையே இருக்கிறவர்கள். சிலர் திருமண வீட்டில் நமக்குப் பக்கத்து இலையில் அமர்பவர்கள். அலாஸ்காக்காரனைத் திட்டினால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

இதையெல்லாம் அந்த மாணவனிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "எங்கள் மாமா வீடும் ஆற்றுப் புறம்போக்கில்தான் இருக்கிறது ஐயா" என்றான்.