கார்ப் பிரியர்களின் கோபம்

அமெரிக்காவில் கார்ப் பிரியர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. கார் என்றால் அவர்களுக்கு உயிர். எஞ்சின் உறுமுகிற சத்தத்தைக் கேட்டே, இது இன்ன வண்டி என்று சொல்லிவிடுவார்கள்.

அவர்களுக்கு ஒரு சட்டத்தின் மீது தீராத கோபம். அந்தச் சட்டம் வந்துதான் சாதாரணக் கார் சத்தில்லாத டப்பா ஆகிவிட்டது என்பது அவர்கள் கட்சி.

அது என்ன சட்டம்?

1973-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் நடந்தது. அமெரிக்கா இஸ்ரேலுக்கு உதவியது. அரபு நாடுகள் சும்மா இருக்குமா? அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்திவிட்டன. பெட்ரோல் பங்குகளில் கார்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றன. பணக்கார நாடு திண்டாடிப் போய்விட்டது!

1975-ம் ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி போர்டு ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். (கார் கம்பெனி போர்டு வேறு, இவர் வேறு.)

ஒரு கம்பெனி ஓராண்டில் விற்கும் கார்கள் எல்லாம், சராசரியாக ஒரு கேலன் பெட்ரோலில் இத்தனை மைல் ஓட வேண்டும். குறைந்தால் அபராதம். இதுதான் சட்டம். வீட்டில் ஒரு பிள்ளை செலவாளியாக இருந்தாலும், இன்னொரு பிள்ளை சிக்கனமாக இருந்தால் கணக்கு நேராகிவிடும் அல்லவா? அது போல.

1978-ம் ஆண்டு மாடல் கார்களுக்கு 18 மைல் என்று தொடங்கினார்கள். 1985-ல் அது 27.5 மைல். அதாவது, லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர்.

பின்வாசல்

இதுவரை குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சட்டத்தில் ஒரு பின்வாசல் இருந்தது.

விவசாயிக்கும் தச்சருக்கும் சிறு லாரி வேண்டும். பாரம் சுமக்கிற வண்டி பெட்ரோல் அதிகம் குடிக்கும். ஆகவே, அந்த இனத்துக்குத் தனிச் சலுகை கொடுத்தார்கள். 1996 முதல் 2004 வரை காருக்கு 27.5 மைல், சிறு லாரிக்கு 20.7 மைல்தான்!

கம்பெனிகள் விடுமா? ஜீப் போன்ற உயரமான குடும்ப வண்டிகளைச் செய்து, "இதுவும் லாரி இனம்" என்றார்கள். சட்டப்படி அது சரி. 2005-ம் ஆண்டு மாடலில் சுபாரு கம்பெனி தன் அவுட்பேக் காரின் அடிப்பாகத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தியது. கார் லாரியாகிவிட்டது! இதைவிட வேடிக்கை உண்டா?

2011-ம் ஆண்டு மாடல் முதல், நான்கு சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பைப் பார்த்து அளவு வைத்தார்கள். பெரிய வண்டிக்கு இளகிய கணக்கு, சின்ன வண்டிக்குக் கடுமையான கணக்கு.

சின்னக் காருக்கு இது வாழ்வா? 2018-ம் ஆண்டு ஏப்ரலில் போர்டு கம்பெனி, மஸ்டாங் போன்ற ஒன்றிரண்டு தவிர மற்றக் கார்களை அமெரிக்காவில் கைவிடப் போவதாக அறிவித்தது. உயர வண்டிகளில் லாபம் அதிகம். ஜனங்களும் அவற்றைக் கேட்டார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் சட்டமும் அந்தப் பக்கமே தள்ளியது.

கையடக்கமான, துள்ளி ஓடுகிற கார் அருகிவிட்டதே என்று கார்ப் பிரியர்கள் வருந்துவதில் நியாயம் இருக்கிறது. சிக்கனமான சின்னக் கார் தேடும் குடும்பத்துக்கும் அதே குறைதான். ஆனால், பெட்ரோல் சிக்கனம் காரின் சத்தை உறிஞ்சிவிட்டது என்கிறார்களே, அதை ஒப்புக்கொள்ள முடியாது.

கணக்கைப் பாருங்கள். 1975-ம் ஆண்டு கார்வெட், பெயர் பெற்ற வேகக் கார். அதன் சாதாரண எஞ்சின் 5.7 லிட்டர், சக்தி 165 குதிரை. (புகைக் கட்டுப்பாட்டால் எஞ்சின்கள் சோர்ந்து கிடந்த சமயம் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 2025-ம் ஆண்டு டொயோட்டா காம்ரி, குடும்பக் கார். எஞ்சின் 2.5 லிட்டர், கூடவே மின்சார மோட்டார். சக்தி 225 குதிரை! அதன் சிக்கன ரகம் கேலனுக்கு 51 மைல் ஓடுகிறது.

2025-ம் ஆண்டு ஜூலையில் புதுச் சட்டம் ஒன்று வந்தது. மைல் கணக்கு ஏட்டில் இருக்கிறது. அபராதம் மட்டும் பூஜ்யம்! இனிச் சின்னக் கார் திரும்பி வரும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. நமக்கு அந்த நம்பிக்கை இல்லை. பின்வாசல் வழியாகப் போன கம்பெனிகளுக்கு இப்போது முன்வாசலும் திறந்துவிட்டது.