கோடு போட்டால் பாட்டு வரும்!

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி இங்கிலாந்தில் ஓர் இசை ஆல்பம் வெளிவந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்து வெளியிட்டது. கேட் புஷ், ஆனி லெனக்ஸ், டேமன் ஆல்பர்ன் போன்ற பெரும் புள்ளிகள் அதில் உண்டு. மொத்தம் 12 பகுதிகள்.

போட்டுக் கேட்டால் பாட்டே இல்லை! ஆள் இல்லாத ஒலிப்பதிவு அறையின் நிசப்தம் மட்டும் கேட்கிறது.

ஏன் இப்படி?

கம்ப்யூட்டர் இப்போது பாட்டுக் கட்டுகிறது. "ஏ.ஐ." என்கிறார்களே, அந்தச் செயற்கை அறிவு செய்யும் வேலை இது. "மழையைப் பற்றி ஒரு சோகப் பாட்டு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். சற்று நேரத்தில் பாட்டு வந்துவிடும்.

இந்த வித்தையை அது எங்கே கற்றது? மனிதர்கள் பாடி வைத்த பாட்டுகளை ஏராளமாகக் கேட்டுக் கற்றது. உடையவரைக் கேட்காமலே அவற்றை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்பவர் முன்னதாகச் சொல்லிவிடட்டும் என்று சட்டம் செய்ய பிரிட்டிஷ் அரசாங்கம் யோசித்தது. அதற்கு எதிர்ப்புத்தான் அந்த ஊமை ஆல்பம். "இப்படியே போனால் எங்கள் அறைகள் காலியாகிவிடும்" என்று சொல்லாமல் சொன்னார்கள்.

அப்படியானால் எந்திரம் இசைக்குப் பகையா?

அதே இங்கிலாந்தில், பாட்டுக் கட்டுவதற்காகவே தன் வீட்டில் ஓர் எந்திரம் செய்தார் ஒரு பெண்மணி. பெயர், டாப்னி ஓரம். (தமிழில் படித்தால் வேறு பொருள் தோன்றும். அது அவருடைய குடும்பப் பெயர்.) அவர் பிறந்தது 1925-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி. 2025 முடிந்த அன்று அவருக்கு நூறு வயது நிறைந்திருக்கும்.

குண்டு விழுந்தால்?

டாப்னிக்குச் சங்கீதக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவர் போகவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பி.பி.சி. ரேடியோவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் கச்சேரி நடக்கும். ரேடியோ அதை ஒலிபரப்பும். டாப்னி அதே இசையின் கிராமபோன் தட்டைச் சுழல விட்டுக்கொண்டு காத்திருப்பார். கச்சேரியும் தட்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக ஓட வேண்டும். ஜெர்மன் குண்டு விழுந்து கச்சேரி நின்றாலும், ரேடியோவில் இசை நிற்கக் கூடாது அல்லவா?

இந்த வேலை அவருக்கு ஒரு யோசனையைக் கொடுத்தது போலும். 1949-இல், இரண்டு வாத்தியக் குழுக்களோடு கிராமபோன் தட்டுகளும் மைக்குகளும் சேர்ந்து இசைக்கும்படி ஒரு பெரிய உருப்படியை எழுதினார். "அசையாப் புள்ளி" என்று அதற்குப் பெயர். பி.பி.சி. அதை ஏற்கவில்லை. காகிதங்கள் பெட்டிக்குள் போயின.

டாப்னி சோர்ந்துவிடவில்லை. மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, நிலையத்தில் இருக்கும் டேப் ரிக்கார்டர்களை ஓர் அறைக்கு உருட்டிக்கொண்டு வருவார். விடிய விடிய ஒலிகளை வெட்டுவார், ஒட்டுவார். காலையில் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும்!

1958-இல் மின் ஒலிகளுக்கென்று பி.பி.சி. ஒரு தனிப் பட்டறை தொடங்கியது. தொடங்கியவர்களில் டாப்னியும் ஒருவர். ஆனால், நாடகங்களுக்குச் சத்தம் செய்து தந்தால் போதும் என்று நிர்வாகம் நினைத்தது. அவருக்கு வேண்டியதோ இசை. மறு ஆண்டே வேலையை விட்டார். மாதச் சம்பளத்தை உதறிவிட்டுப் போவது லேசான காரியமா?

சூளைக்குள் எந்திரம்

கென்ட் மாவட்டத்தில் ஒரு பழைய சூளை வீடு. பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் பூக்களை உலர்த்தக் கட்டியது. அதில் குடியேறி, தன் எந்திரத்தைச் செய்ய முனைந்தார்.

சினிமாப் படச் சுருளைப் பார்த்திருப்பீர்கள். பழைய பேசும் படச் சுருளில், படத்துக்குப் பக்கத்தில் ஒல்லியான கறுப்புக் கோலம் ஒன்று ஓடும். அதுதான் ஒலி! விளக்கு வெளிச்சம் அதன் வழியே கூடியும் குறைந்தும் பாயும். அந்த ஏற்ற இறக்கம் மின்சாரமாக மாறி, ஸ்பீக்கரில் பேச்சாகக் கேட்கும்.

"அந்தக் கோலத்தை நானே கையால் போட்டால் என்ன?" இதுதான் டாப்னியின் எண்ணம்.

35 மில்லிமீட்டர் அகலமுள்ள பத்துப் படச் சுருள்கள் எந்திரத்தில் ஒரே வேகத்தில் ஓடின. அவற்றின்மேல் டாப்னி மையால் எழுதுவார். ஒரு சுருளில் உள்ள குறி சுருதியைச் சொல்லும். இன்னொன்றில் உள்ள வளைவு ஒலியைக் கூட்டும், குறைக்கும். நாதம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தனியாகக் கண்ணாடித் துண்டில் வரைவார். எந்திரத்தின் ஒரு பகுதி பழைய மரப்பெட்டிக்குள் இருந்தது! 1962-இல் குல்பென்கியன் அறக்கட்டளை 3,550 பவுன் உதவியது. கிரஹாம் ரெஞ்ச் என்ற எஞ்சினீயர் கை கொடுத்தார்.

கை நடுங்கினால் பாட்டிலும் நடுக்கம் வரும். அதைத்தான் அவர் விரும்பினார். எந்திரம் மனிதச் சாயலை அழித்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. 1972-இல் எழுதிய புத்தகத்திலும் இதைத்தான் பேசுகிறார்.

வயிற்றுப்பாட்டுக்கு விளம்பரங்களுக்கு இசை போட்டார். லெகோ பொம்மை விளம்பரமும் அதில் ஒன்று. எந்திரம் மட்டும் விலை போகவில்லை. உள்ளதைச் சொன்னால், அதில் வேலை செய்யப் பொறுமை மிக வேண்டும். அதே காலத்தில் அமெரிக்காவில் ராபர்ட் மூக் செய்த சிந்தசைசர், பியானோக் கட்டையைத் தட்டினால் பாடியது. ஊர் அதன் பக்கம் போனது.

இன்றைய எந்திரத்துக்குக் கையே வேண்டாம். ஒரு வரி எழுதினால் போதும். அது பாடும் பாட்டில் யாருடைய உழைப்பு இருக்கிறது? கேட்டால் சொல்லாது. எந்தெந்தப் பாட்டை எடுத்தீர்கள் என்று கம்பெனிகள் சொல்லியாக வேண்டும் என்று பிரிட்டிஷ் மேல்சபை வற்புறுத்தியது. 2025 ஜூனில் வந்த சட்டத்தில் அந்தக் கட்டாயம் இடம்பெறவில்லை. டாப்னியின் எந்திரத்தில் இந்தச் சந்தேகத்துக்கே இடம் இல்லை. மைக்கோடு யாருடையதோ, பாட்டும் அவருடையது.

டாப்னி 2003-இல் காலமானார். 2011-இல் அவருடைய எந்திரத்தை லண்டன் அறிவியல் மியூசியத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பழுதுபட்ட நிலையில், பாடாமல் நின்றது.

"அசையாப் புள்ளி" என்ன ஆனது? பெட்டியிலிருந்து காகிதங்களை எடுத்து, 2018-இல் பி.பி.சி. இசை விழாவில் வாசித்தார்கள். நடந்த இடம், அதே ஆல்பர்ட் மண்டபம். வாத்தியக் குழுவுக்கு நடுவே கிராமபோன் தட்டுகள் சுழன்றன.