சோழவரம் ரேஸ் கார்களுக்கு ஒரு ரீயூனியன்: 2028-க்குள் என்னவெல்லாம் நடக்க வேண்டும்?

மணலியிலிருந்து மாதவரம் போய், ரெட்ஹில்ஸ் தாண்டி ஜி.என்.டி. சாலையைப் பிடித்தால் சுமார் 20 கி.மீ. தொலைவில் சோழவரம். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் சென்னைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது ஏரிதான். கோடை வந்தால் ‘சோழவரத்துல எவ்வளவு தண்ணி இருக்கு?’ என்று கேட்போம். ஆனால் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “சோழவரமா? அங்க ரேஸ் நடக்குமே!” என்பார்கள்.

அந்த ரேஸ்களை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது 1953-ல். அதாவது 2028-ல் 75 ஆண்டுகள் நிறைவு. அதையொட்டி, அன்றைக்குச் சோழவரத்தில் ஓடிய கார்களை மறுபடியும் ஒரே இடத்தில் கொண்டுவந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று யாராவது நினைத்தால், அது நடக்கிற காரியமா? என்னென்ன தேவை? எங்கே சிக்கும்?

சோழவரத்தில் அப்படி என்ன நடந்தது?

இரண்டாம் உலகப் போர் காலத்தில் விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுபாதை அது. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன. நீளமான, சமமான பாதை மிச்சம் இருந்தது. வேகமாக வண்டி ஓட்ட ஆசைப்பட்டவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. 1950-களில் தொடங்கி 1980-களின் இறுதி வரை தென்னிந்திய மோட்டார் பந்தயத்தின் மையம் சோழவரம்தான்.

அந்தக் காலகட்டத்தை இன்னொரு கோணத்திலும் பாருங்கள். அசோக் மோட்டார்ஸ் 1948-ல் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. 1955-ல் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து ஆரம்பித்த கம்பெனி. வண்டி, இன்ஜின், டயர் என எல்லாம் வடசென்னையில் வேரூன்றிய அதே பத்து வருடத்தில்தான், பக்கத்திலேயே ரேஸும் தொடங்கியது.

சோழவரத்தில் ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி தெருவில் ஓடும் கார்களும் ஓடின. வெளிநாட்டிலிருந்து வந்த ஒற்றை இருக்கை ரேஸ் கார்களும் ஓடின. 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஓட்டிவந்த என்சைன் ஒரு நிஜமான ஃபார்முலா ஒன் கார். கோவைக்காரரான கரிவரதன் உள்ளூரிலேயே ரேஸ் கார் கட்டும் வித்தையை வளர்த்தார். மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை வைத்து அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதியில்தான் பின்னாளில் நரேன் கார்த்திகேயன் ரேஸைத் தொடங்கினார். 2005-ல் அவர் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் ஆனார்.

கிளப் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு டிராக் கட்டி, 1990 முதல் பந்தயங்களை அங்கே நடத்தத் தொடங்கியது. சோழவரம் ஓய்ந்தது.

மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

சோழவரத்தோடு அச்சு அசலாக ஒப்பிடக்கூடிய இடம் இங்கிலாந்தின் குட்வுட். அதுவும் போர்க்கால விமானத் தளம்தான். அதன் சுற்றுச்சாலையில் 1948 செப்டம்பர் 18-ல் ரேஸ் தொடங்கியது. 1966-ல் நிறுத்தப்பட்டது. சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1998 செப்டம்பர் 18-ல் மறுபடி திறந்தார்கள். அன்று முதல் ‘குட்வுட் ரிவைவல்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் பழைய ரேஸ் கார்கள் அங்கே ஓடுகின்றன. அமெரிக்காவின் மான்டரேயில் 1974-லிருந்தே இப்படி ஒரு கூடல் நடக்கிறது.

வித்தியாசம் எங்கே? குட்வுட்டின் நிலம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. 32 ஆண்டுகள் ரேஸ் நடக்காவிட்டாலும் பாதை அப்படியே இருந்தது. ஓடிய கார்களின் பதிவேடுகளும் கிளப்களிடமும் கார் வைத்திருந்தவர்களிடமும் பத்திரமாக இருந்தன. ஐம்பதாம் ஆண்டு என்பது அவர்களுக்கு ஒரு கொண்டாட்டத் தேதி மட்டுமல்ல, வேலையை முடிக்க வேண்டிய கெடுவும்கூட. நமக்கு 2028 அப்படி ஒரு கெடுவாக அமையலாம்.

முதல் சிக்கல்: அது ‘அதே கார்’தானா?

ரீயூனியன் என்றதும் மனசுக்கு வருவது பளபளவென்று நிற்கும் வண்டிகள். ஆனால் ஏற்பாட்டாளர்களின் முதல் வேலை துப்பறியும் வேலை.

ரேஸ் கார் ஒரு சீசன் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. இன்ஜின் வெடித்தால் வேறு இன்ஜின், மோதினால் புது பாடி. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வெளிநாட்டுப் பாகம் கிடைக்காது. கிடைத்ததை லேத்தில் கடைந்து மாட்டினார்கள். ஒரு சேசிஸில் ஒரு வருடம் ஒரு இன்ஜின், அடுத்த வருடம் இன்னொன்று. இன்று யாராவது ஒரு காரைக் காட்டி, “இதுதான் சோழவரத்துல ஜெயிச்ச வண்டி” என்றால், எதை வைத்து நம்புவது?

உலகம் இதற்கு வைத்திருக்கும் பதில் காகிதம். பழைய ரேஸ் கார்கள் சர்வதேசப் போட்டியில் ஓட வேண்டுமென்றால், எஃப்.ஐ.ஏ. தரும் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் வேண்டும். அந்தக் கார் எந்தக் காலத்தில் எந்த வடிவில் ஓடியதோ, அந்த வடிவில்தான் இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. காட்சிக்கு மட்டும் ஓட்டுவதற்கு இவ்வளவு கறார் தேவையில்லை. ஆனால் சேசிஸ் எண், அன்றைய புகைப்படம், நிகழ்ச்சிப் புத்தகம், கை மாறிய ரசீது இவற்றில் ஏதாவது இரண்டாவது ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் வந்து நிற்பது சோழவரத்துக் கார் அல்ல, சோழவரத்துப் பெயர் ஒட்டிய கார்.

ஷெட்டில் கிடந்த காரை எப்படி எழுப்புவது?

சாவியைத் திருகினால் ஓடிவிடாது. பெட்ரோலிலிருந்தே தொடங்கலாம். மணலிக்காரர்களுக்கு இது பக்கத்துத் தெரு சமாச்சாரம்.

● எத்தனால்: இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், கேஸ்கட், ஃபைபர் டேங்க் இவற்றை எத்தனால் மெல்ல அரிக்கும். ஈரத்தையும் இழுக்கும். அதோடு, இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது. ஜெட்டை மாற்றி மனுஷன்தான் சரிசெய்ய வேண்டும்.

● ஈயம்: இந்தியாவில் 2000-ம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. அந்த ஈயம்தான் பழைய இன்ஜின்களின் வால்வு சீட் தேயாமல் காத்தது. இப்போது கடினமான சீட் போட வேண்டும், அல்லது பெட்ரோலில் அதற்கான திரவம் கலக்க வேண்டும்.

● சேமிப்பு: எத்தனால் இல்லாத பந்தய பெட்ரோலைத் தனியாக வரவழைக்கலாம். ஆனால் 30 லிட்டருக்கு மேல் பெட்ரோலைச் சேமிக்க 1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் வேண்டும். பத்து கார் ஓட வேண்டுமென்றால் இது சின்ன விஷயம் இல்லை.

● டயர், பெல்ட்: இருபது வருஷ டயர் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ரப்பர் கல்லாகியிருக்கும். ரேஸ் சீட் பெல்ட்டுக்குச் சுமார் ஐந்து ஆண்டுதான் ஆயுள். பழைய மெக்னீசியம் வீல்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். சாயம் பூசிச் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும்.

இந்த வேலைக்குத் தேவையான கைகள் வடசென்னையில் இருக்கின்றன. மாதிரியைக் கையில் கொடுத்தால் கடைந்து தரும் லேத் பட்டறைகளுக்கு இந்தப் பக்கம் குறைவில்லை. குறைவாக இருப்பது, எந்த அளவுக்குக் கடைய வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000, பத்து ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது.

நல்ல விதிதான். ஆனால் ரேஸ் காருக்கு இதில் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது விதி. சோழவரத்தில் ஓடிய ஃபியட்டும் ஹெரால்டும் ஜெயித்ததே மாற்றியமைத்ததால்தான். இரண்டு, ஒற்றை இருக்கை ரேஸ் கார் சாலைக்கென்று செய்யப்பட்டதே இல்லை. அதற்கு ஆர்.சி. புக்கும் கிடையாது, ஆர்.டி.ஓ.விடம் போகவும் வழியில்லை. அதனால் ஒவ்வொரு காரையும் ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். கோவையில் ஒன்று, பெங்களூரில் ஒன்று, கொல்கத்தாவில் ஒன்று என்று இருந்தால் போக்குவரத்துச் செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்கு விற்கப்பட்ட கார் ஏதாவது கிடைத்தால், ஏ.டி.ஏ. கார்னெட் என்ற ஆவணம் உதவும். கண்காட்சி போன்ற தேவைக்கு வரி கட்டாமல் கொண்டுவந்து, குறித்த காலத்துக்குள் திருப்பி அனுப்பிவிடலாம் என்பதற்கான உத்தரவாதம் அது. சென்னை, எண்ணூர் துறைமுகங்கள் ஏற்கெனவே கப்பல் கப்பலாகக் கார்களைக் கையாளுகின்றன. இறக்குவது பிரச்சினை இல்லை, பேப்பர் சரியாக இருக்க வேண்டும்.

எங்கே நடத்துவது?

மனசு சோழவரம் என்று சொல்லும். ஆனால் தடுப்பு, ஓரத்தில் விலகி நிற்க இடம், மருத்துவ வசதி என்று இன்றைய பாதுகாப்பு விதிகளை வைத்துப் பார்த்தால், அங்கே வேகமாக ஓட்டுவது சரிப்பட்டு வராது.

தீவுத்திடலைச் சுற்றி? 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் ஃபார்முலா 4 கார்கள் அங்கே 3.5 கி.மீ. தெருச்சுற்றில் இரவில் ஓடின. நகரச் சாலையிலும் ரேஸ் நடத்த முடியும் என்று அது காட்டியது. கூடவே, பொதுப் பணத்தை இதற்குச் செலவழிக்கலாமா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனதையும் மறக்கக் கூடாது. பழைய கார்களுக்காக மறுபடி அந்தச் சண்டையை இழுத்துவிட வேண்டியதில்லை.

மிஞ்சுவது இருங்காட்டுக்கோட்டை. டிராக் கிளப்புடையது, பாதுகாப்பு ஏற்பாடுகள் தயாராக இருக்கின்றன. ஓட்டம் அங்கே, அதற்கு முந்தைய நாள் சோழவரம் பக்கத்தில் கார்களை நிறுத்திவைத்துக் காட்சி என்று இரண்டாகப் பிரித்தால், நினைவுக்கும் மரியாதை, உயிருக்கும் ஆபத்தில்லை. முக்கியமாக, அது பந்தயமாக இருக்கக் கூடாது. பாதுகாப்பு கார் முன்னே போக, நிதானமாகச் சில சுற்றுகள், அவ்வளவுதான்.

ஏன் இப்போதே தொடங்க வேண்டும்?

ஒரு எளிய கணக்கு. 1965-ல் 20 வயதில் சோழவரத்தில் ஸ்பேனர் பிடித்த பையனுக்கு 2028-ல் 83 வயது. கடைசி வருடங்களில் இருபது வயதாக இருந்தவருக்கே 59 ஆகிவிடும். கரிவரதன் 1995-லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார்.

கார் இரும்பு. ஷெட்டில் இன்னும் பத்து வருடம் கிடந்தாலும், செலவு செய்தால் எழுப்பிவிடலாம். அந்த கார்புரேட்டருக்கு என்ன ஜெட் போட்டார்கள், எந்த வளைவில் எந்த கியர், உடைந்த ஆக்ஸிலை ஒரே ராத்திரியில் எப்படிச் சரிசெய்தார்கள் என்பது எழுதிவைக்கப்படவில்லை. டிரைவர்களின் பெயராவது செய்தித்தாளில் வந்தது. மெக்கானிக்குகளின் பெயர் பெரும்பாலும் எங்கேயும் இல்லை.

ஆகவே ரீயூனியனின் முதல் கட்டம் கார் தேடுவது அல்ல, ஆள் தேடுவது. ஒரு செல்போன், ஒரு மணி நேரம், நாலு கேள்வி போதும். அதற்கு ஸ்பான்சரும் வேண்டாம், ஆர்.டி.ஓ.வும் வேண்டாம்.

திருவொற்றியூரிலோ மணலியிலோ எண்ணூரிலோ உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது அந்தக் காலத்தில் ஃபேக்டரியிலோ பட்டறையிலோ வேலை பார்த்திருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். பரணில் பழைய ரேஸ் போட்டோ இருந்தால் பின்பக்கம் பென்சிலால் வருஷமும், படத்தில் இருப்பவர்களின் பெயரும் எழுதிவையுங்கள். 2028-ல் ஒரு கார் ‘அதே கார்தான்’ என்று நிரூபிக்க, அந்த ஒரு போட்டோவே தேவைப்படலாம்.