ஒரே கட்டு, வெவ்வேறு சூழ்ச்சி

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால், நமுனுகுலை மலையும் மடுல்சீமைச் சரிவுகளும் மூடுபனியில் மறைந்துவிடும். வேலை முடிந்த மாலையில் லயத்து வாசலிலே நால்வர் கூடுவதும், ஓரம் தேய்ந்த சீட்டுக்கட்டு ஒன்று வெளிவருவதும் பசறை, பதுளைப் பக்கங்களில் புதுமையன்று. ஆடப்படுவது பெரும்பாலும் ஓமி. யாழ்ப்பாணத்து ஆசிரியரோ எழுதுவினைஞரோ கூட்டத்தில் இருந்துவிட்டால், ‘304 ஆடுவோமே’ என்ற பேச்சு எழும்.

இரண்டிற்கும் ஏழு முதல் ஆசு வரை முப்பத்திரண்டே சீட்டு. இரண்டிலும் எதிரெதிரே அமர்ந்தவர் கூட்டாளிகள், துரும்பும் உண்டு, முதலில் நான்கு, பின்னர் நான்கு என்றே பங்கீடு. ஆகவே ஒன்றை அறிந்தவர் மற்றதிலும் வல்லவராவார் என்று எண்ணுதல் இயல்பே. அவ்வாறு எண்ணி அமர்ந்தவர் தோற்றெழுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

ஓமியில் எட்டுப் பிடிகளும் ஒரே மதிப்புடையவை. ஐந்தைப் பிடித்த கட்சி வென்றது. எட்டையும் பிடித்தால் அது ‘கப்போத்தி’. கூட்டாளியின் ஆசு பிடியை வெல்லப்போகிறதென்றால், அவ்வினத்தில் நம்மிடமுள்ள மிகச் சிறிய சீட்டைப் போட்டு, பெரியதைப் பின்னுக்கு வைத்திருப்பதே அறிவுடைமை.

304இல் இதே செயல் பேதைமை. அங்கே எண்ணப்படுவது பிடியன்று, புள்ளி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறும் சீட்டுகள். ஓர் இனத்திற்கு 76 ஆக, நான்கு இனங்களுக்கும் 304. கூட்டாளியின் ஜாக்கி பிடியை வெல்லும்போது நாம் பத்தைப் போட்டால் பத்துப் புள்ளி நம் பக்கம் சேரும். ஓமிப் பழக்கத்தால் ஏழைப் போட்டால் ஒன்றும் சேராது. வெறும் பிடிகளை எதிரிக்கு விட்டுக்கொடுத்து, கனத்த பிடிகள் சிலவற்றால் வெல்லுதலும் கூடும். ஜாக்கியும் ஒன்பதும் இராசாவை மிஞ்சும் விந்தையை, ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்துத் துரும்பிலும் காணலாம்.

இதனினும் பெரிய வேறுபாடு துரும்பில் இருக்கிறது. ஓமியில் முறை வந்தவர் நான்கே சீட்டைப் பார்த்துத் துரும்பை வாய்திறந்து சொல்லியாகவேண்டும். கை மெலிந்திருக்கிறதென்று பொறுப்பைப் பிறர்மேல் தள்ள இயலாது. சொன்ன கட்சி வென்றால் ஒரு காய். தோற்றால் எதிர்க்கட்சிக்கு இரண்டு. 304இலோ இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்கிறார்கள். கை மெலிந்தவர் ஒதுங்கலாம். கேள்வியை வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைக்கிறார்; அஃது எவ்வினம் என்று அவர் கூட்டாளிக்கும் தெரியாது. எதிரிகள் அதனை உய்த்துணர முயல, அவர் மறைக்க முயல, ஆட்டத்தின் முற்பகுதி முழுவதும் அந்த ஒரு சீட்டைச் சுற்றியே நடக்கும். ஓமிக்கு நினைவு போதும். 304க்கு நினைவோடு அடக்கமும் வேண்டும்.

மேனாட்டுப் போக்கரில் ஒதுங்குவதே பாதி ஆட்டம். கூட்டாளி என்று ஒருவர் அங்கே இல்லை. போக்கரிலும் வகைக்கு வகை சூழ்ச்சி மாறுகிறது. டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் கையில் இரண்டு சீட்டு, நடுவே பொதுவாக ஐந்து. கையில் இரு ஆசு வந்தவர் துணிந்து பணம் வைக்கலாம். ஒமாஹா ஆட்டத்தில் (பெயரொலியைக் கேட்டு ஓமிக்கு உறவென்று மயங்கவேண்டா) கையில் நான்கு. அவற்றுள் இரண்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும். நான்கிலிருந்து ஆறு இணைகள் பிறக்குமாதலால் எதிரியிடமும் வலிய கை இருக்கக்கூடும். அங்கே இரு ஆசை மட்டும் நம்பியவர் எளிதில் வீழ்வார். ஏழு சீட்டு ஸ்டட் என்னும் வகையில் பொதுச் சீட்டு இல்லை. ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டு திறந்தே கிடக்கும். ஒதுங்கியவரோடு மறைந்த சீட்டுகளையும் நினைவில் வைத்தவருக்கே அங்கு ஆதாயம். ஓமியில் பழகிய கண்ணுக்கு இவ்வகை எளிதாகப் பிடிபடும்.

மாணவ நேயர்கள் ஒன்று கேட்கலாம்: போக்கரையும் தீக்குச்சி வைத்து ஆடலாகாதா? ஆடலாம், ஆயின் சுவை இராது. இழப்பதற்கு ஒன்றுமில்லையெனில் எவரும் ஒதுங்கார். எவரும் ஒதுங்காவிடில் பொய்ப்பந்தயம் வைத்து எவரையும் அஞ்சுவிக்கவும் முடியாது. ஓமியும் 304உம் தீக்குச்சிக்கு ஆடினாலும் முழு ஆட்டமாகவே இருக்கின்றன. போக்கருக்குப் பணம் உறுப்பாகவே அமைந்துவிட்டது. 1000 ரூபா நாட்சம்பளத்திற்காகத் தோட்டத் தொழிலாளர் ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இலேதான் அதனைப் பெற்றனர் என்பதை ஊவாவில் எவரும் மறந்திரார். அந்த நாட்சம்பளத்தைக் கைபேசித் திரையில் வைத்து ஆடுகின்ற இளைஞர், தம்முன் அமர்ந்த நால்வருள் வல்லவர் யாரென்று எண்ணுகின்றனர். ஒவ்வொரு பந்தயத்திலிருந்தும் தன் பங்கை எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டும் தொடாமல் ஐந்தாவதாக அமர்ந்திருக்கும் கடைக்காரரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.