சம்பளம் போட்டாச்சா?

வானொலியில் காற்பந்து பற்றி இரண்டு வார்த்தை பேசினால் போதும், வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வரிசையாக வந்து விழும். பெரும்பாலும் ஆண் குரல்கள்தான். நடுவர் சரியில்லை, பயிற்றுநர் சரியில்லை, திடல் சரியில்லை என்று புலம்பல். சென்ற வாரம் வந்த ஒன்று மட்டும் வேறு மாதிரி. ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா பேசியிருந்தார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரும் பையனும் ஆட்டம் இருக்கிற அன்னிக்கெல்லாம் பாரோய்க்குக் கிளம்பிடறாங்க. போறப்ப சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு ஜோராப் போறாங்க. வர்றப்ப மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றாங்க. தோத்துக்கிட்டே இருக்கிற டீமுக்கு எதுக்கு இவ்வளவு காசு? அந்தக் காசுல பிள்ளைக்கு ஒரு டியூஷன் வைக்கலாமில்ல?"

நிகழ்ச்சியில் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. குடும்பத்தின் மாதச் செலவைக் கையில் வைத்திருப்பவர் கேட்கும் கேள்வி. அதனால் இந்த வாரம் நெகிரி செம்பிலானின் காற்பந்தும் நம் பணப்பையும்.

நான் போய்வந்த கணக்கையே சொல்கிறேன். நான்கு பேர். டிக்கெட், பெட்ரோல், டோல், ஆட்டத்துக்கு முன்னால் நாசி லெமாக், உள்ளே தண்ணீர், இரண்டு பாக்கெட் குவாச்சி, முடிந்த பிறகு தே தாரிக். சிக்கனமாக இருந்தும் 100 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் வீட்டில், மாதம் ஒரே ஓர் ஆட்டத்துக்குப் போனாலே சம்பளத்தில் பதினேழில் ஒரு பங்கு போய்விடுகிறது. சட்டையும் கழுத்துத் துண்டும் தனிக் கணக்கு.

சரி, ஏன் போகிறார்கள்?

1948-ல் நெகிரி செம்பிலான் மலாயாக் கிண்ணத்தை வென்றது. அதற்கடுத்து அந்தக் கிண்ணம் சிரம்பானுக்கு வந்தது 2009-ல். நடுவில் 61 ஆண்டுகள். தாத்தா இளைஞராகப் பார்த்த கிண்ணத்தைப் பேரன்தான் மறுபடி பார்த்தான். அந்த இறுதியாட்டத்தின்போது நான் ஊடகத்துறை மாணவன். கிளந்தானை 3-1 என்று தோற்கடித்த இரவில், பால்மரத்துக் கதையைத் தவிர வேறு எதையும் பேசாத என் பெரிய மாமா, தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று "ஹோபின் ஜாங் ஹோபின்" என்று கத்தினார். நெகிரிக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: "போட்டுத் தாக்குடா தம்பி" என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாய் பேச்சுவழக்குதான், ஆனால் நம் தோட்டங்களில் அது எப்போதோ தமிழாகிவிட்டது.

அதற்கு முன் 2003-ல் எஃப்ஏ கிண்ணம், 2005-06-ல் சூப்பர் லீக் வெற்றியாளர். பிறகு 2010-ல் மறுபடி எஃப்ஏ கிண்ணம், 2011-ல் திரங்கானுவை வென்று மறுபடி மலேசியக் கிண்ணம். பத்து ஆண்டுகளுக்குள் இவ்வளவும் கிடைத்தது. அதை ருசித்தவர்களால்தான் இன்றுவரை விடமுடியவில்லை.

அதன்பின் நடந்தது ஏணியும் பாம்பும் விளையாட்டு. 2013-ல் சூப்பர் லீக்கிலிருந்து இறங்கினோம். 2018-க்கு ஏறினோம், அதே ஆண்டில் கடைசி இடத்தில் முடித்து இறங்கினோம். 2022-ல் கே. தேவன் பயிற்சியில் மீண்டும் மேலே வந்து, ஏறிய முதல் ஆண்டிலேயே நான்காம் இடம் பிடித்தோம். அந்த ஆண்டு பாரோய் பக்கம் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஆண்டு பட்டியலின் அடிப்பகுதிக்கே திரும்பினோம். ஒவ்வொரு முறை விழும்போதும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: அணியை மறுபடி கட்டுகிறோம், பொறுமையாக இருங்கள்.

இந்த "மறுபடி கட்டுதல்" பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கூடைப்பந்தில் இதற்கு ஒரு பொருள் உண்டு. பிலடெல்பியா 76-அர்ஸ் அணி 2013 முதல் மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய வேண்டுமென்றே தோற்றது. 2015-16-ல் 82 ஆட்டங்களில் பத்தில்தான் வெற்றி. ஆனால் அங்கே கடைசியில் வரும் அணிகளுக்கு மறு ஆண்டு புதிய இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை வாய்ப்பு. தோல்விக்கு ஒரு விலை கிடைக்கிறது. ரசிகனும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

நம் லீக்கில் அப்படி எதுவும் இல்லை. கடைசியில் வந்தால் யாரும் நல்ல பையன்களைக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. இருக்கும் நல்ல பையன்களும் போய்விடுவார்கள். எஸ். குணாளன் நெகிரி செம்பிலானில் பெயரெடுத்தவர். பிறகு சிலாங்கூர், பிறகு ஜொகூர். இங்கே வளர்ந்த ஐடில் சாஃபுவானும் ஜொகூருக்குத்தான் போனார். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்பளம் நேரத்துக்கு வரும் இடத்துக்குத்தானே யாரும் போவோம்? 2014 முதல் சூப்பர் லீக் கிண்ணம் தொடர்ந்து ஜொகூரிலேயே இருப்பதற்குப் பணமும் ஒரு காரணம்.

நம் டிக்கெட் காசு அணியைத் தாங்குகிறது என்று ரசிகர்கள் நெஞ்சைத் தட்டிக்கொள்வதுண்டு. நானும் தட்டியிருக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது கிளப்பின் கணக்கு இல்லை, என் பேனா போட்ட கணக்கு. அணி சரியாக ஆடாத ஆண்டில் ஓர் ஆட்டத்துக்கு 3,000 பேர் வருகிறார்கள், ஆளுக்கு 15 ரிங்கிட் என்று வைப்போம். ஒரு இரவுக்கு 45,000. சொந்தத் திடலில் 12 ஆட்டங்கள் என்றால் ஆண்டுக்கு 540,000 ரிங்கிட். செலவுப் பக்கம்: 25 ஆட்டக்காரர்கள், சராசரி மாதச் சம்பளம் 10,000 என்று வைத்தால் மாதம் 250,000. வெளிநாட்டு ஆட்டக்காரர் இருக்கும் அணிக்கு இது அதிகமில்லை. ஆண்டு முழுக்க நாம் தொண்டை கிழியக் கத்திக் கொடுத்த டிக்கெட் காசு, இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே. பயிற்றுநர், பஸ், ஹோட்டல், திடல் விளக்கு எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

மீதிப் பத்து மாதத்துக்கு? மாநில அரசு, மாநில அரசோடு தொடர்புள்ள நிறுவனங்கள், விளம்பரதாரர்கள். மலேசியக் காற்பந்து காலங்காலமாக இப்படித்தான் ஓடியது. 2021 பருவத்திலிருந்து மாநிலச் சங்கங்கள் நடத்திய அணிகள் நிறுவனங்களாக மாற வேண்டும் என்று லீக் சொன்னது. பெயர்ப் பலகை மாறியது. பணம் வரும் வழி பல இடங்களில் மாறவில்லை. விளைவைப் பக்கத்து வீட்டிலேயே பார்த்தோம். 2023 பருவத்துக்கு மலாக்கா யுனைடெட்டுக்கு உரிமம் கிடைக்கவில்லை. 2007, 2008 இரண்டு ஆண்டும் மூன்று கிண்ணங்களையும் சேர்த்துத் தூக்கிய கெடாவுக்கு 2025-26 பருவத்துக்கு உரிமம் இல்லை. பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் அதே பருவத்துக்கு முன் விலகிக்கொண்டன. இவையெல்லாம் ரசிகர் இல்லாத அணிகளா? கெடா ரசிகர்கள் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். சத்தம் சம்பளம் போடாது.

என் அத்தை மகன் ஒருவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளித் திடலில் உருண்டு வளர்ந்தவன். கோயிலுக்குப் பின்னால் மாடு மேயும் அதே திடல்தான். வேறொரு மாநிலத்து அணி அவனுக்கு ஒப்பந்தம் கொடுத்தபோது அத்தை முனியாண்டி கோயிலில் கிடா வெட்டினார். முதல் மூன்று மாதம் சம்பளம் வந்தது. நான்காவது மாதம் பாதி. பிறகு "அடுத்த வாரம்", "விளம்பரதாரர் பணம் வரட்டும்", "பண்டிகைக்குள் போட்டுவிடுவோம்". நான்கு மாதம் வாடகைக்கு அத்தைதான் தன் கூட்டுப் பணத்தை எடுத்து அனுப்பினார். ஊழியர் சேமநிதியில் பார்த்தால் அதுவும் கட்டப்படவில்லை. அந்த மாதங்களிலும் அவன் ஆடினான், அரங்கத்தில் ஆட்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஒரு கோல் போட்ட வீடியோ இன்னும் குடும்பக் குழுவில் சுற்றுகிறது. இப்போது நீலாயில் ஒரு கிடங்கில் வேலை. ஞாயிறு மட்டும் ஆடுகிறான்.

அவனுக்கு அப்போது யாரும் சொல்லாத ஒன்றை, பிள்ளைகளைக் காற்பந்துக்கு அனுப்பும் பெற்றோருக்காக இங்கே எழுதிவைக்கிறேன். ஃபிஃபா விதிப்படி, இரண்டு மாதச் சம்பளம் நியாயமின்றி நிலுவையில் இருந்தால், ஆட்டக்காரர் கிளப்புக்கு எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். ஆட்டக்காரர்களுக்கென்று நாட்டில் சங்கமும் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அங்கே ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

சம்பளம் வராதது என்றால் என்ன என்று தோட்டத்துக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, அன்றைய கூலியும் இல்லை என்று வாழ்ந்த தலைமுறை நம்முடையது. அதே தலைமுறைதான் இன்னொன்றும் செய்தது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக் கிளம்பியபோது, 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தக் காசில் தோட்டங்களே வாங்கப்பட்டன. வேலை பார்த்தவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். பங்குதாரர் என்றால் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம்.

காற்பந்திலும் இது நடந்திருக்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் ஓட்டுரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கிலாந்தில் திவாலாகிக் கிடந்த போர்ட்ஸ்மவுத்தை 2013-ல் ரசிகர்கள் பங்கு போட்டு வாங்கினார்கள். நான்கு ஆண்டு கழித்து, முதலீடு வேண்டும் என்று, பெரும்பான்மை ஓட்டுப் போட்டு ஒரு பணக்காரருக்கு விற்கவும் செய்தார்கள். அது தோல்வி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விற்கலாமா வேண்டாமா என்று ரசிகனைக் கேட்டார்கள் அல்லவா? நம்மை எதற்காவது கேட்டிருக்கிறார்களா?

பாரோய் அரங்கத்தில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவழிக்கும் குடும்பங்கள் தோட்டங்களிலும் செண்டாயான், சிரம்பான் 2 பக்கத்துத் தாமான்களிலும் இருக்கின்றன. இவர்களுக்குக் கிளப்பில் ஓர் உறுப்பினர் அட்டை, ஆண்டுக்கு ஒரு கூட்டம், அதில் வரவு செலவு வாசிப்பு. இவ்வளவுதான் நான் கேட்பது. கிண்ணம்கூடக் கேட்கவில்லை.

ரந்தாவ் அம்மாவுக்கு நான் அனுப்பிய பதில் இது. எல்லா ஆட்டத்துக்கும் வேண்டாம்மா, மாதம் ஒன்று போதும், அதுவும் டியூஷன் காசை எடுத்துவைத்த பிறகு. ஆனால் அந்த ஒன்றை நிறுத்தாதீர்கள். அப்பனும் மகனும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரே காரில் திரும்பி வருகிறார்களே, வழியில் என்ன பேசுகிறார்கள் என்று ஒருநாள் கூடப்போய்க் கேட்டுப் பாருங்கள்.

மற்ற ரசிகர்களுக்கு ஒரு தகவல். கிளப் ஒரு நிறுவனம் என்றால் அது மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவாகியிருக்கும். அங்கே தாக்கலாகும் நிதி விவரங்களைச் சிறு கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுக்கலாம். ஓர் ஆட்ட இரவில் நாம் தின்னும் குவாச்சியும் தே தாரிக்கும் சேர்ந்து ஆகும் செலவுதான். எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த முறை கிளப்பின் முகநூல் பக்கத்தில் புதிய சட்டை விளம்பரம் வரும்போது, சட்டை அளவு கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: பையன்களுக்கு இந்த மாதம் சம்பளம் போட்டாச்சா?