குற்றவாளி பம்பா, டிரைவரா?

நம் தோட்டத்துப் பழைய பிக்கப் மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. வெளியிலிருந்து அழைத்து வரப்பட்ட மெக்கானிக், "டீசல் பம்பு போய்விட்டது" என்றார். பம்பு ஏன் போயிற்று? "டாங்கி வறளும் வரை ஓட்டினான், அதனால் போயிற்று" என்றது நிர்வாகம். (இருபது ஆண்டு சர்வீசு உள்ளவரை 'ன்' போட்டுப் பேசும் வழக்கம் துரைமார் காலத்தோடு போய்விடவில்லை.) இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே ஒரு ஸ்பானர்கூட எடுக்கப்படவில்லை. ஆனால் புதுப் பம்பின் விலைக்காக டிரைவர் சம்பளத்தில் மாதம் நூறு வெள்ளி பிடிக்கும்படி அன்று மாலையே ஆபீசுக்கு உத்தரவு வந்தது. செக்ரோலில் எழுதச் சொல்லி நம்மிடம் நீட்டினார்கள். நாம் மறுத்தோம். வேறொரு கை எழுதிற்று. இரண்டு மாதம் பிடித்தும்விட்டார்கள்.

தோழர்களே, அன்று நடந்ததை முதலில் கேளுங்கள். பால்வெட்டுக்குப் போன ஒரு பெண் தொழிலாளியைக் குளவிக் கூட்டம் கொட்டிவிட்டது. முகம் வீங்கி மூச்சுத் திணறியவரை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு டிரைவர் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். சமதரையில் வண்டி ஒழுங்காக ஓடிற்று. மேடு வந்ததும் இழுவை குறைந்து அணைந்தது. பத்து நிமிடம் பொறுத்து ஸ்டார்ட் செய்தால் கிளம்பிற்று; கொஞ்ச தூரம் ஏறி மறுபடியும் அணைந்தது. வழியே வந்த செம்பனைக் குலை லோரிக்காரர் ஏற்றிச் சென்றிராவிட்டால் அந்த அம்மாளின் கதி என்னவாகியிருக்கும்? நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார்.

வண்டி நின்ற விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

பம்பு தேயவே தேயாது என்று நாம் வாதாட வரவில்லை. இத்தகைய பழைய ஜப்பானிய டீசல் வண்டிகளில் பம்புக்குத் தனியாக எண்ணெய் ஊற்றுவதில்லை. ஓடுகிற டீசலேதான் அதன் உள்ளுறுப்புகளுக்கு வழுவழுப்பு. டீசலில் தண்ணீர் கலந்தாலும், டாங்கி வறண்டாலும் உள்ளே கீறல் விழும். ஆனால் தேய்ந்த பம்பு தன் குற்றத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். காலைக் குளிரில் கிளம்பும். நன்றாகச் சூடேறிய பின் அணைத்தால் மறுபடி கிளம்பாது. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடுக்கு வழியே நழுவிவிடுவதே காரணம். பம்பின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுக் குளிர்வித்த பிறகு கிளம்பினால், அப்போது பம்பைச் சந்தேகிக்கலாம். நம் வண்டியிலோ இந்த அறிகுறி ஒருநாளும் இல்லை. சும்மா ஓடும்போது ஓடி, பாரம் ஏறும்போது சாவது டீசல் போதாத வண்டி. பட்டினி கிடப்பவனைப் பார்த்து வயிறு கெட்டுவிட்டது என்று அறுவை செய்வதா?

பார்க்கவேண்டிய முறைதான் என்ன? சாவியைத் திருப்பியதும் பம்பின் மேலுள்ள சொலினாய்டு 'டிக்' என்கிறதா என்று கேட்கவேண்டும்; அங்கே மின்சாரம் வராவிட்டால் பம்பு புத்தம் புதியதானாலும் வண்டி கிளம்பாது. டாங்கி மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா? மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் அதுவே சாட்சி. அடுத்தது பில்டர், அதன் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியே நிற்கும். பம்புக்குள் போகும் குழாய்க்குப் பதில் ஒரு முழம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் மாட்டி ஓடவிட்டால், குமிழி வருகிறதா என்று கண்ணாலேயே காணலாம். இவை எல்லாவற்றிலும் மேலான சோதனை ஒன்று உண்டு. சுத்தமான டீசலை ஒரு டின்னில் ஊற்றி, பம்பைவிட உயரத்தில் கட்டி, நேரே பம்புக்குக் கொடுத்து ஓட்டுவது. அப்போது மேடேறினால் பம்பு நிரபராதி. குற்றம் டாங்கிக்கும் பம்புக்கும் இடையில் இருக்கிறது. அரைநாள் வேலை, செலவு சில வெள்ளி.

இதைச் செய்யாமல் புதுப் பம்பு வாங்கி மாட்டினார்கள். நான்காம் நாள் அதே மேட்டில் வண்டி நின்றது! புதுப் பம்பும் டிரைவர் டாங்கியை வறளவிட்டதால்தான் கெட்டதோ?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரைவரும் நம் கிளைத் தோழர்கள் இருவரும் டின்னைக் கட்டிச் சோதித்தார்கள். வண்டி பாரத்தோடு மேடேறிற்று. டாங்கியை இறக்கினால், உறிஞ்சு குழாயின் வலை கறுப்புச் சளியால் அடைபட்டிருந்தது. எஞ்சின் நின்ற பத்து நிமிடத்தில் சளி சற்று விலகும். ஓடினால் மறுபடி வந்து ஒட்டும். வேறு மர்மம் இல்லை.

அந்தச் சளி எங்கிருந்து வந்தது? ஸ்டோருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். டீசல் டிரம்கள் கூரையில்லாமல் நிமிர்ந்து நிற்கின்றன. மழைநீர் மேல்தட்டில் தேங்குகிறது. பகலில் வெயிலில் விரியும் டிரம் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, மூடித் திருகின் வழியே அந்த நீரை உள்ளே உறிஞ்சுகிறது. 2019 முதல் நாட்டில் வாகன டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த டீசல் கலக்கப்படுகிறது. அது வெறும் டீசலைவிட அதிகமாக ஈரம் பிடிக்கும். அடியில் தண்ணீர் நின்றால் கிருமி வளர்ந்து சளியாகும். எண்ணெயைக் குறை சொல்லவில்லை, அந்தக் குலையை வெட்டுவதும் நம்மவர்தானே! டிரம்மைக் கூரைக்கடியில் படுக்க வைக்க டிரைவருக்கு அதிகாரம் உண்டா? டீசல் அளந்து கொடுப்பது அவரா? டாங்கியின் முள் வேலை செய்யவில்லை என்று லாக் புத்தகத்தில் அவர் மூன்று முறை எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை நாம் பார்த்திருக்கிறோம். கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தவர் யார் என்பதும் அதிலேயே இருக்கிறது.

1955ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அச்சட்டம் அனுமதித்தவை தவிர வேறு எந்தப் பிடித்தமும் சம்பளத்தில் செய்யலாகாது என்கிறது. நிர்வாகி தாமே விசாரித்து, தாமே தீர்ப்புச் சொல்லி, தாமே அபராதம் பிடிக்க அதில் இடமில்லை.

பிடித்த இருநூறு வெள்ளியும் இந்த மாதச் சம்பளத்திலேயே திரும்பவேண்டும். டிரம்களுக்குக் கூரை வேண்டும். நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி பழுதானால், சோதித்த விவரத்தை எழுத்தில் வைத்த பிறகே சாமான் மாற்றவேண்டும். கழற்றிய பழைய பம்பைப் பழைய இரும்புக்குப் போட விடாமல் சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். அதைப் பட்டறையில் சோதனை மேசையில் ஏற்றிப் பார்க்க நிர்வாகம் சம்மதிக்கிறதா? அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்தச் சாக்கோடுதான் வருவோம்.